காட்டாமணக்கும் என் தந்தையும்

(மூன்றாம் ஆண்டு தாவரவியல் மாணவர் ஒருவர்)

மண்ணச்சநல்லூர் என்று ஊர்ப்பெயரைச் சொன்னால் போதும். "வரும்போது பொன்னி அரிசி கொண்டு வா" என்பார்கள் விடுதி நண்பர்கள். அரிசி ஆலைகள் நிறைந்த ஊர்தான். ஆனால் எங்களுக்கு வாய்க்கால் பாயும் வயல் கிடையாது. வடக்கே சிறுகனூர்ப் பக்கம் மூன்று ஏக்கர் மானாவாரிக் காடுதான் சொத்து.

அதில் 2007-இல் என் தந்தையார் காட்டாமணக்கு நட்டார். அப்போது எனக்கு இரண்டு வயது. விதையில் டீசல் எடுக்கலாம், ஆடு மாடு கடிக்காது, தண்ணீர் வேண்டாம், விளைந்ததை நாங்களே வாங்கிக்கொள்வோம் என்று யாரோ ஒரு நிறுவனத்தார் வந்து சொன்னார்களாம். அப்பா மட்டுமா நம்பினார்? மத்தியத் திட்டக் குழுவின் 2003-ஆம் ஆண்டு அறிக்கையே ஹெக்டேருக்கு 3.75 டன் விதை கிடைக்கும் என்று கணக்குப் போட்டிருந்தது!

செடி ஆளுயரம் வளர்ந்தது, காய்தான் இல்லை. பறித்த இரண்டு மூட்டையை வாங்கவும் ஒருவரும் வரவில்லை. அடகுக்குப் போன அம்மாவின் சங்கிலி திரும்பவேயில்லை. 2012-இல் எல்லாவற்றையும் வேரோடு பிடுங்கிப் போட்டார். ஊரார் வைத்த 'டீசல்காரர்' என்ற பட்டப்பெயரை மட்டும் பிடுங்க முடியவில்லை.

சென்ற ஆண்டு எங்கள் துறைக் கருத்தரங்கில் எனக்குக் கிடைத்த தலைப்பு, எரிபொருள் பயிர்கள். நூல்களைத் தேடியபோது, பார்சிலோனா தன்னாட்சிப் பல்கலைக்கழக ஆய்வாளர் பெரே அரிசா-மொண்டோபியோ என்பவர், பெங்களூர் சரச்சந்திர லேலேயுடன் சேர்ந்து 2010-இல் வெளியிட்ட கட்டுரை அகப்பட்டது. தமிழ்நாட்டு உழவர்களைப் பற்றியே எழுதியிருந்தார்கள். தரிசுக்கு என்று சொல்லப்பட்ட செடி உணவுப்பயிர் விளைந்த நிலத்தில் ஏறியது. விளைச்சல் சொன்னதைவிட மிகக் குறைவு. தண்ணீர் பாய்ச்சியும் கட்டுபடியாகவில்லை. வறட்சியில் சாகாமலிருப்பது வேறு, காய்ப்பது வேறு. இவ்வளவுதான் விஷயம்.

இதில் ஒரு வேடிக்கை. எங்கள் ஊர் ஆலைகளில் நெல் அவிக்க உமியைத்தான் எரிக்கிறார்கள். நூறு கிலோ நெல்லில் ஏறத்தாழ இருபது கிலோ உமி. அதற்கென்று தனியாக ஒரு காணி நிலமும் வேண்டாம். (மாடியில் காயும் வேட்டியில் படியும் சாம்பலைப் பற்றி அம்மாவைத்தான் கேட்க வேண்டும்.)

விடுமுறையில் கட்டுரையின் சாரத்தை அப்பாவிடம் தமிழில் சொன்னேன். வெற்றிலையை மடித்தபடி கேட்டுக்கொண்டிருந்தார்.

"நம்ம பக்கம் வந்து பாத்தாங்களா தம்பி?"

"இல்லப்பா. கோயமுத்தூர், திருவண்ணாமலைப் பக்கம்."

"அங்கயுமா காய்க்கல?"

"ஆமாப்பா."

வெகுநேரம் பேசவில்லை. இப்போது அந்தக் காட்டில் மக்காச்சோளம் நிற்கிறது. அதிலிருந்தும் எத்தனால் எடுத்துப் பெட்ரோலில் கலக்கிறார்கள் என்பதை நான் அவரிடம் சொல்லவில்லை.

பிறகு எழுந்து துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு, அடுப்படிப் பக்கம் பார்த்தபடி சொன்னார்:

"இத உங்கம்மாகிட்டயும் ஒரு தடவ படிச்சுக் காட்டிடுடா."