இரண்டாவது சுருள்



சில வாரங்களுக்கு முன் நம் சபையின் சகோதரி ஒருவர் ஆலய அலுவலகத்திற்கு வந்தார். கர்த்தருக்குள் நித்திரையடைந்த தம் தகப்பனார் உபவாசக் கூடுகை ஒன்றில் சொன்ன சாட்சியின் ஒலிப்பதிவைக் கேட்டார். என்னால் கொடுக்க இயலவில்லை. அலுவலகக் கணினியிலிருந்த ஒரே ஹார்டு டிஸ்க் பழுதாகி, அதிலிருந்த அனைத்தும் போயிற்று. ஞானஸ்நானப் பதிவேடு காகிதத்தில் இருந்ததால் தப்பியது. வேறு பிரதி எடுத்து வைக்காதது என் தவறு.

புதிய கணினிக்குக் கேபினெட் தெரிந்தெடுக்க வாலிபத் தம்பி ஒருவர் உதவினார். கண்ணாடிப் பக்கமும் வண்ண விளக்குகளும் கொண்ட ஒன்று எனக்குப் பிடித்திருந்தது. அவரோ, "ஐயா, உள்ளே பாருங்கள்" என்றார். அதில் 3.5 அங்குல ஹார்டு டிஸ்க் பொருத்த ஓர் அறை மட்டுமே இருந்தது. எளிய கறுப்புப் பெட்டியிலோ அத்தகைய அறைகள் நான்கும், 2.5 அங்குல எஸ்எஸ்டிக்கு இரண்டும் இருந்தன. சிறிய எம்.2 எஸ்எஸ்டிக்கு அறையே வேண்டாம். அது மதர்போர்டின்மேல் பொருந்திவிடும்.

அறைகளை எண்ணினால் மட்டும் போதாது என்றும் கற்றுக்கொண்டேன். மதர்போர்டில் அத்தனை சாட்டா இணைப்புகளும், பவர் சப்ளையில் அத்தனை மின்முனைகளும் இருக்க வேண்டும். டிஸ்க் சூடாகாதிருக்க, முன்புற விசிறியின் காற்று அதன்மேல் பட வேண்டும். பனியன் தொழில் நடக்கும் நம் பகுதியில் பஞ்சுத்தூசி எங்கும் படிவதால், தூசி வடிகட்டி எளிதாகக் கழற்றிக் கழுவும்படி இருப்பது அவசியம்.

கறுப்புப் பெட்டியையே வாங்கினோம். கணினி இயங்க ஓர் எஸ்எஸ்டி. பதிவுகளுக்கு இரண்டு ஹார்டு டிஸ்க்குகள். ஒன்றில் எழுதுவது மற்றொன்றிலும் உடனே எழுதப்படும். "இனிக் கவலையில்லை" என்றேன். தம்பி தலையசைத்தார். "தவறுதலாக ஒன்றை அழித்தால் இரண்டிலும் அழியும், ஐயா. இடி விழுந்தாலும், திருடு போனாலும் இரண்டும் சேர்ந்தே போகும். மூன்றாவது பிரதி வேறொரு வீட்டில் இருக்க வேண்டும்."

அன்று இரவு எரேமியா 36-ஆம் அதிகாரத்தை வாசித்தேன். பாருக்கு எழுதிய சுருளை யோயாக்கீம் ராஜா துண்டு துண்டாக அறுத்துக் கணப்பிலே எரித்தான். அரண்மனையில் இருந்த அந்தச் சுருள் மீளவில்லை. ஆயினும் எரேமியா மறுபடியும் சொல்ல, பாருக்கு மறுபடியும் எழுதினான். முன்னிலும் அதிக வார்த்தைகள் அதில் சேர்ந்தன. ராஜாவின் கை எட்டாத வேறோர் இடத்திலும் அந்த வார்த்தைகள் இருந்தன.

மறுநாள் அந்தச் சகோதரியை அழைத்தேன். தகப்பனாரின் சாட்சியில் நினைவிலுள்ளதை அவர் சொல்லச் சொல்ல, நான் எழுதினேன். அன்றைய பதிவில் இல்லாத சிலவற்றையும் அவர் சொன்னார். அவருடைய குரல் திரும்பவில்லை. அந்த இழப்பு இழப்பே. ஆனாலும் இப்போது அந்தச் சாட்சி நான்கு பக்கங்களில் இருக்கிறது. பிரதி ஒன்று அவர் வீட்டிலும் உண்டு.

பிரியமானவர்களே, உங்கள் பெற்றோரின் புகைப்படங்களும் குரலும் ஒரே கைப்பேசியில் மட்டும் இருக்கின்றனவா? இந்த வாரமே மற்றொரு பிரதி எடுத்து, வேறொரு வீட்டில் வையுங்கள். தேவன் உங்களுக்குச் செய்த நன்மைகள் உங்கள் நெஞ்சில் மட்டும் இருக்கின்றனவா? அவற்றை உங்கள் பிள்ளைகளுக்கும் சொல்லுங்கள். அதற்குரிய இடம் அவர்களிடத்தில் உண்டு.

கர்த்தர் உங்களை ஆசீர்வதிப்பாராக. ஆமென்.