அளந்த பிறகு பேசு

முப்பது வருஷம் புரோகிராம் எழுதிப் பிழைத்தவன் நான். வேலையை விட்டு வந்த பிறகும் உறுத்திக்கொண்டே இருக்கும் ஒன்றை, தொழிலுக்குப் புதிதாக வரும் பிள்ளைகளிடம் சொல்லிவிட ஆசை.

ஒரு கம்பெனிக்குச் சம்பளச் சீட்டு போடும் புரோகிராமைப் பைத்தானில் எழுதியிருந்தோம். 400 பேருக்குச் சீட்டு தயாராக 11 நிமிடம் பிடித்தது. வருமான வரிக் கணக்குப் போடும் மெத்தடை எழுதியவன் புதுப் பையன். அதில் ‘இஃப்’ மேல் ‘இஃப்’. பார்த்த மாத்திரத்தில் அதுதான் காரணம் என்று முடிவுகட்டி, நாலு பேர் முன்னால் சொல்லியும்விட்டேன். அவன் மூன்று நாள் கண் விழித்து அதைத் திருத்தி எழுதினான். 11 நிமிடம் 11 நிமிடமாகவே நின்றது. அனுபவம் கூடினால் ஊகம் சரியாகும் என்று நம்பியிருந்தேன், கூடியது துணிச்சல்தான்.

எங்கள் குழுவில் இருந்த பெண்தான், “ஒரு தடவை அளந்து பார்த்துடலாமா சார்?” என்றாள்.

அளக்க அவள் எடுத்தது டெக்கரேட்டரை. பைத்தானில் 2004-இல் வந்த 2.4 பதிப்பிலிருந்தே அது உண்டு. மெத்தடின் தலைக்கு மேல் ‘@’ போட்டு ஒரு பெயர் எழுதினால் போதும். உள்ளே ஒரு வரியையும் தொட வேண்டாம். இன்னொரு ஃபங்ஷன் அதைப் போர்த்திக்கொண்டு, தொடக்க நேரத்தைக் குறிக்கும், வேலையை நடக்கவிடும், முடிந்ததும் கழித்துச் சொல்லும். கிளாஸுக்குள் இருப்பதால், முதலில் வரும் ‘செல்ஃப்’ உட்பட எல்லாவற்றையும் அப்படியே உள்ளே கடத்த வேண்டும், விடையையும் திருப்பித் தர வேண்டும். சிஸ்டம் கடிகாரத்தை நடுவில் திருத்தினால் கணக்கு பிசகும் என்று, பின்னோக்கி ஓடாத ‘பெர்ஃப் கவுண்டரை’ வைத்தாள். முதல் ஓட்டத்தில் எல்லா வரியிலும் ‘ரேப்பர்’ என்று அந்தப் போர்த்தும் ஃபங்ஷனின் பெயரே! ‘ஃபங்டூல்ஸ்’ தரும் ‘ரேப்ஸ்’ சேர்த்ததும் ஒவ்வொரு மெத்தடும் சொந்தப் பெயரோடு வந்தது.

நேரப் பட்டியலின் உச்சியில் சீட்டு தயாரிக்கும் மெத்தட். ஆனால் அது கூப்பிட்ட மற்ற மெத்தடுகளின் நேரமும் அதற்குள் அடக்கம். மேலே நிற்பவன் தாமதமாகத்தான் தெரிவான். கீழே யாருக்காகக் காத்திருந்தான் என்று இறங்கிப் பார்க்க வேண்டும். இறங்கினோம். வரிக் கணக்கு, 400 பேருக்கும் சேர்த்தே 2 விநாடி. விடுப்புக் கணக்கை எடுக்கும் மெத்தட், 10 நிமிடத்துக்கும் மேல். ஆளுக்கொரு முறை டேட்டாபேஸ் கனெக்‌ஷனைத் திறந்து மூடிக்கொண்டிருந்தது. அதை எழுதியவன் நான்.

டொனால்ட் நூத் 1971-இலேயே ஃபோர்ட்ரான் புரோகிராம்களை ஆராய்ந்து, பொதுவாக 4 சதவீதத்துக்கும் குறைவான பகுதிதான் பாதிக்கு மேற்பட்ட நேரத்தைத் தின்கிறது என்று எழுதியிருக்கிறார். அதைப் படித்திருந்தேன். படித்தது வேறு, என் வார்த்தையால் ஒரு பிள்ளையின் முகம் வாடியது வேறு.

அன்று மாலையே அதே நாலு பேரைக் கூப்பிட்டு, அவர்கள் முன்னால் அவனிடம் மன்னிப்புக் கேட்டேன். “பரவால்ல சார்” என்றவன், நாற்காலியை என் பக்கம் இழுத்துப்போட்டு, 400 பேரின் விடுப்பையும் ஒரே குவெரியில் எடுக்க என்னோடு உட்கார்ந்துவிட்டான்.