சொரசொரப்பு

சிங்கட் மலையடிவாரத்து மண்பாதைகளில் ஜீப் ஓட்டுகிறவர்களுக்குப் பாறையைவிடப் பெரிய எதிரி களாச்செடி. பாதை குறுகக் குறுக, அதன் முள் இரண்டு பக்கமும் கதவை உரசிக்கொண்டு 'கிரீச்' என்று வரும்; உள்ளே இருப்பவனுக்குப் பல் கூசும். பான்சேத் பக்கம் போய்வந்தால் என் பழைய வெள்ளை ஜிப்ஸியின் இரு பக்கமும் சீப்பால் வாரிவிட்டது போலிருக்கும். பாலீஷ் போட்டுப் போட்டு அலுத்த பிறகுதான் பெட்லைனர் பூச்சின் மேல் ஆசை வந்தது.

இது அமெரிக்கப் பிக்கப் வண்டிகளின் சமாசாரம். பின்தட்டில் கல்லும் இரும்பும் ஏற்றி இறக்கித் தகரம் பாழாகிறதே என்று முதலில் பிளாஸ்டிக் தொட்டி ஒன்றை உள்ளே செருகிப் பார்த்தார்கள். தொட்டிக்கும் தகரத்துக்கும் நடுவே தண்ணீர் தங்கி, காப்பாற்ற வந்ததே துருவுக்கு வழிசெய்தது. அப்புறம் வந்ததுதான் தகரத்தோடு நேராக ஒட்டிக்கொள்ளும் பாலியூரித்தேன் பூச்சு. காய்ந்தால் கெட்டியாக, லேசாக வளைந்துகொடுத்து, தொட்டால் சொரசொரவென்று நிற்கும். பின்தட்டுக்கு வந்ததை வண்டி முழுக்கப் பூசலாம் என்று காட்டுப்பாதைக்காரர்கள் கண்டுபிடித்ததில் ஆச்சரியம் இல்லை. நம் லாரிக்காரர்கள் இதற்கெல்லாம் செலவு செய்யமாட்டார்கள். பலகையை அடித்துவிட்டுச் சரக்கை ஏற்றுவார்கள்.

நிறத்தைத் தேர்ந்தெடுக்கும்போதுதான் எங்கள் ஊர் கடக்வாஸ்லா குறுக்கே வந்தது. 1950களின் நடுவிலிருந்து தேசிய பாதுகாப்பு அகாடமி இங்கே இருக்கிறது. ராணுவ வண்டிகளைப் பார்த்தே வளர்கிற ஊரில் ஜீப் என்றால் ஆலிவ் பச்சைதான். மினுக்கமில்லாத அந்தப் பச்சைக்கும் இந்தச் சொரசொரப்புக்கும் பொருத்தம் பிரமாதமாக இருக்கும். ஆனால் 1989ஆம் ஆண்டு மத்திய மோட்டார் வாகன விதிகளில் 121ஆம் விதி, பாதுகாப்புத் துறை வண்டிகளைத் தவிர வேறெதற்கும் அந்த நிறத்தை அடிக்கக் கூடாது என்கிறது. வேறு நிறம் என்றால் ஆர்.டி.ஓ. போய் ஆர்.சி.யில் மாற்றி வாங்க வேண்டும். வெள்ளைக்கு வெள்ளையே போதும் என்று விட்டுவிட்டேன்.

டின்னை வாங்கிவந்தது ஆகஸ்டில். எங்கள் தெரு டிங்கர்காரர் டின்னைப் பார்த்தார், வானத்தைப் பார்த்தார், "பாவூஸ் தாம்பு த்யா சாஹேப்" என்றார். மழை நிற்கட்டுமாம். அவர் அனுபவத்தில் சொன்னதற்கு ரசாயனக் காரணமும் உண்டு. இந்தப் பூச்சின் ஹார்டனரில் இருப்பது ஐசோசயனேட். தண்ணீரைக் கண்டால் அது கரியமில வாயுவைக் கக்கும். ஈரத்தகரத்தில் பூசினால் உள்ளே குமிழ் கிளம்பி, மேலே அம்மைத் தழும்பாக நிற்கும். தண்ணீர் விஷயத்தில் இந்த ஊரோடு விவாதிக்க முடியாது. 1916இல் தொடங்கிய மத்திய நீர், மின் ஆராய்ச்சி நிலையம் இங்கே இருக்கிறது. 1961 ஜூலை 12இல் பான்சேத் அணை உடைந்து, அந்த வெள்ளத்தில் கடக்வாஸ்லா அணையும் உடைந்து புனே நகரம் மூழ்கியதும் இந்த வழியாகத்தான். தீபாவளி கழியும்வரை டின் பரணில் இருந்தது.

பூசுவது அரை நாள் வேலை. அதற்கு முன்னால் இருக்கிறது பாடு. பழைய பெயிண்டின் பளபளப்பு முழுக்கச் சாகும்வரை உப்புத்தாளால் தேய்க்க வேண்டும். வழவழப்பு மிச்சமிருக்கும் இடத்தில் பூச்சு பிறகு தோல் உரிகிற மாதிரி உரியும். ஜிப்ஸி வைத்திருப்பவர்களுக்குத் தெரியும், துரு எங்கே குடியிருக்கும் என்று: கதவின் அடிவிளிம்பு, பின்கதவு, மிதியடிக்குக் கீழே தரை. அங்கெல்லாம் வெள்ளித்தகரம் தெரியும்வரை சுரண்டி பிரைமர் அடித்தாக வேண்டும். கதவின் அடியில் மழைநீர் வடிய சின்னச் சின்ன ஓட்டைகள் இருக்கும். ஒவ்வொன்றிலும் தீக்குச்சி செருகி வைத்தேன். அது பூச்சில் அடைபட்டால் கதவுக்குள் குளம்தான்.

ராப்டர் போன்ற பூச்சுகளில் மூன்று பங்குக்கு ஒரு பங்கு ஹார்டனர். கலந்த பிறகு சுமார் ஒரு மணி நேரம்தான் கைக்கு அடங்கும். கன்னில் அடித்தால் காற்றழுத்தத்தைக் கூட்டிக் குறைத்து சொரசொரப்பைப் பொடியாகவோ பருக்கையாகவோ வைக்கலாம். அழுத்தம் குறைந்தால் பருக்கை பெரிது. ஆனால் ஸ்பிரே செய்யும்போது பறக்கும் ஐசோசயனேட் புகை ஆஸ்துமாவைக் கொண்டுவரக்கூடியது. மூக்கில் கைக்குட்டையைக் கட்டிக்கொண்டு இந்த வேலையைச் செய்யும் பையன்களைப் பார்த்தால் வயிறு கலங்குகிறது. நான் ரோலரால் உருட்டினேன், அதுவும் திறந்தவெளியில், கார்ட்ரிட்ஜ் மாஸ்க் போட்டுக்கொண்டு. பருக்கை கொஞ்சம் முரடாக விழுந்தது. எனக்கு அதுவே பிடித்திருந்தது. மாஸ்கிங் டேப்பை ஈரம் இருக்கும்போதே உரித்துவிட வேண்டும். காய்ந்த பிறகு இழுத்தால் விளிம்போடு பிய்த்துக்கொண்டு வரும்.

இப்போது களாமுள் உரசினால் 'சர்' என்று ஒரு சத்தம், அவ்வளவுதான். கீறலும் சின்ன டொக்குகளும் இருந்த இடம் தெரியவில்லை. எனக்கு உறுத்துவதும் அதுதான். டொக்கை மறைப்பது துருவையும் மறைக்கும். சாதாரண பெயிண்ட் என்றால் துரு முதலில் கொப்புளம் போட்டுக் காட்டிக்கொடுக்கும். இதன் தடித்த தோலுக்கு அடியில் அது பல காலம் சத்தமில்லாமல் தின்னும். அடியில் விரலால் தட்டித் தட்டிக் கேட்பது வழக்கமாகிவிட்டது. அடிபட்டால் தட்டி நிமிர்த்துவதற்கு முன் இதை கிரைண்டர் வைத்துத்தான் எடுக்க முடியும் என்று டிங்கர்காரர் இப்போதே முணுமுணுக்கிறார். பழைய வண்டி வாங்க வருகிறவன் இதைப் பார்த்தால், அடியில் எதை மூடியிருக்கிறார்கள் என்றுதான் முதலில் கேட்பான். கேட்பதும் நியாயம். விற்கிற எண்ணம் உள்ளவர்கள் இதில் கை வைக்க வேண்டாம்.

யாரும் எச்சரிக்காத ஒன்று அடுத்து வந்த தசராவன்று தெரிந்தது. பக்கத்து வீட்டு ஆஜி, அதாவது பாட்டி, சாமந்தி மாலை போட்டு, பானெட்டில் குங்குமத்தைக் குழைத்து ஸ்வஸ்திக் போட்டுவிட்டுப் போனார். மறுநாள் கழுவினால் மாலையின் மஞ்சள் போயிற்று. குங்குமம் பருக்கைகளுக்கு நடுவே இறங்கி உட்கார்ந்துவிட்டது. சோப்புத் தண்ணீரும் பல்துலக்கும் பிரஷும் கொண்டு தேய்த்ததில் சிவப்பு ரோஜா நிறமாகிப் பரவியதுதான் மிச்சம். ஆஜிக்கு அதில் பரம திருப்தி. அடுத்த வருடம் கோடு போடத் தேடவேண்டியதில்லை என்கிறார்.