மேலும் ஓர் ஆண்டு

பிரெஞ்சு வழியில் படித்ததில் ஒரு லாபம், இத்தாலிய மொழி பாதிக்குப் பாதி தானாகப் புரியும். போன வாரம் இத்தாலியின் நீதித்துறை மனநல மருத்துவமனைகளைப் பற்றிப் படித்துக்கொண்டிருந்தேன். 'ப்ரோரோகா' என்ற சொல் திரும்பத் திரும்ப வந்தது. நீட்டிப்பு என்று பொருள். குமாஸ்தாவாக வேலை பார்த்தவனுக்கு அகராதி தேவைப்படாத சொல்.

மனநோயின் பிடியில் குற்றம் செய்தவரை அங்கே தண்டிக்க மாட்டார்கள். இந்த மருத்துவமனைக்கு அனுப்புவார்கள். முதலாவது 1876-இல் அவெர்சாவில் தொடங்கியது. கடைசியில் ஆறு இருந்தன. மருத்துவர் பசாலியாவின் பெயரால் அறியப்படும் 1978-ஆம் ஆண்டுச் சட்டம் சாதாரண மனநல மருத்துவமனைகளை மூட வழி செய்தது. இந்த ஆறும் தப்பிவிட்டன. கெடு முடியும்போது நீதிபதி பார்ப்பார். இன்னும் ஆபத்தானவர் என்றால் நீட்டிப்பு. வெளியே ஏற்றுக்கொள்ள ஆளோ இடமோ இல்லாததாலேயே பலருக்கு நீட்டிப்பு வந்தது. சிறு குற்றத்துக்கு உள்ளே போனவர்களும் வருடக்கணக்கில் கிடந்தார்கள். 'வெள்ளை ஆயுள் தண்டனை' என்றே இதற்குப் பெயர் வந்தது.

2010-இல் செனட் குழு ஒன்று முன்னறிவிப்பின்றிப் போய்ப் படம் எடுத்தது. 2012-இல் மூடச் சட்டம் வந்தது. 2017-இல் கடைசி மருத்துவமனையும் காலியானது. அவற்றுக்குப் பதிலாக வந்தவை 'ரெம்ஸ்' எனப்படும் சிறு இல்லங்கள். ஒன்றில் 20 படுக்கைக்கு மேல் கூடாது. உள்ளே சிறைக் காவலர் கிடையாது, மருத்துவர்களும் செவிலியரும்தான்.

கட்டடம் மாறியதைவிட 2014-ஆம் ஆண்டுச் சட்டத்தின் இரண்டு விதிகள்தான் எனக்குப் பெரிதாகப் பட்டன. அந்தக் குற்றத்துக்கு உரிய அதிகபட்சத் தண்டனைக் காலத்துக்கு மேல் யாரையும் வைத்திருக்கக் கூடாது. ஆயுள் தண்டனைக் குற்றங்களுக்கு மட்டும் விலக்கு. வெளியே சிகிச்சைத் திட்டம் இல்லை என்பதை மட்டும் காட்டி ஒருவரை ஆபத்தானவர் என்று சொல்லவும் கூடாது.

எல்லாம் சரியாகிவிடவில்லை. இடம் போதாமல் பலர் காத்திருக்கிறார்கள், சிலர் சிறையிலேயே. 2022-இல் அரசியல் சாசன நீதிமன்றமே சட்டத்தைத் திருத்தச் சொன்னது. அக்கம்பக்கத்தாரின் பயமும் நியாயமானதுதான். ஆனாலும் நீட்டிப்புக்கு ஓர் எல்லை போட்டார்களே!

இது என்னை ஏன் உறுத்துகிறது என்று சொல்லிவிடுகிறேன். நாற்பது வருடத்துக்கு முன்பு, மனநல விடுதியில் இருந்த ஒருவரின் செலவுக் கோப்பு ஆண்டுதோறும் என் மேஜைக்கு வரும். அவர் குற்றம் எதுவும் செய்தவரல்லர். 'நிலையில் மாற்றமில்லை. அழைத்துச் செல்ல உறவினர் இல்லை. மேலும் ஓர் ஆண்டு நீட்டிக்கலாம்.' போன வருடக் குறிப்பைப் பார்த்துத் தேதியை மட்டும் மாற்றி எழுதுவேன். ஏழு வருடம் எழுதினேன். மாற்றலாகிப் போனபோது அடுத்து வந்தவரிடம் அதையே மாதிரியாகக் கொடுத்துவிட்டுப் போனேன்.

நிலையில் மாற்றமில்லை என்று எனக்கு எப்படித் தெரியும்? அவர் முகத்தைக்கூட நான் பார்த்ததில்லை. விடுதிக்குப் பேருந்தில் அரை மணி நேரம்தான்.