தொண்ணூறு டாலர்த் தூண்டில்

தூண்டில் என்றால் ஒரு கழி, கொஞ்சம் நரம்பு, ஒரு முள், தேங்காய்ச் சிரட்டையில் மண்புழு என்றுதான் நாங்கள் இருவரும் அறிந்திருந்தோம். கடையில் நின்று யோசித்து வாங்கும் பொருள் அதுவென்று அமெரிக்கா வந்த பிறகே தெரிந்தது. 2008 இலையுதிர் காலத்தில், இருவருக்கும் வேலை இருந்தபோது, ட்ரவுட் மீனுக்கென்று ஒரு ஃப்ளை ராட் வாங்கினோம். ஒன்பதடி நீளம், ஐந்தாம் எண், கிராஃபைட், 160 டாலர். எல்லாவற்றுக்கும் உதவும் என்று விற்பனையாளர் உறுதியளித்தார். 2009 பிப்ரவரியில் எங்களில் ஒருவருக்கு வேலை போயிற்று. அந்தக் கோலோடு ஓடைக்குப் போய்ச் சேர்ந்தது ஏப்ரலில்தான்.

ஓடையின் பெயர் ரேப்பிடன். வர்ஜீனியாவின் ஷெனாண்டோவா தேசியப் பூங்காவில், இரண்டு சிற்றோடைகள் கூடுமிடத்தில் பிறக்கிறது. அந்தக் கூடலில்தான் ஜனாதிபதி ஹெர்பர்ட் ஹூவர் 1929இல் தம் ஓய்வு முகாமை அமைத்தார். வாஷிங்டனிலிருந்து நூறு மைலுக்குள் இருக்க வேண்டும், கொசு வராத உயரம் வேண்டும், ட்ரவுட் வேண்டும் என்பவை அவர் விதித்த நிபந்தனைகள். அவர் மீனுக்காக நிலத்தையே தம் பணத்தில் வாங்கியவர். நாங்கள் பெட்ரோல் கணக்குப் பார்த்துக்கொண்டு போனவர்கள்.

மேற்பகுதியில் ரேப்பிடனை ஆறு என்பது ஒரு மரியாதைக்குத்தான். பல இடங்களில் பாறைக்குப் பாறை தாண்டிவிடலாம். இரு கரையிலும் மவுண்டன் லாரல் புதர்கள் குனிந்து கூரை போட்டிருக்கும். ஒன்பதடிக் கோலைப் பின்னால் வீசினால் கொக்கி கிளையில். முன்னால் வீசினால் கயிறு காலடியில் சுருண்டு கிடக்கும். அன்று மாலைவரை ஒரு மீனும் எங்களைப் பொருட்படுத்தவில்லை. குறை எங்கள் கையில் என்றே நினைத்துத் திரும்பினோம். வேலை போன வீட்டில் எல்லாக் குறையும் தன்னுடையதாகவே தோன்றும்.

கோலை விற்றுவிடுவது என்பதில் எங்களுக்குள் சச்சரவில்லை. தொண்ணூறு டாலர் கிடைத்தது. அந்தத் தொண்ணூறை வாடகைக்கு வைப்பதா, இன்னொரு கோல் வாங்குவதா என்பதில்தான் ஒரு வாரம் பேச்சு நின்றது. விண்ணப்பம் அனுப்பாத, மின்னஞ்சல் பார்க்காத ஒரே நாள் சனிக்கிழமை. அதையும் விட்டுவிட்டால் மிச்சமிருப்பது என்ன என்று ஒருவர் கேட்டார். மற்றவரிடம் பதில் இல்லை.

முடிவுக்கு வந்தது, ஓடையில் பார்த்த ஒரு முதியவரால். எங்கள் தத்தளிப்பைப் பார்த்துவிட்டு அவர் தம் ஏழடிக் கோலைச் சற்று நேரம் கையில் கொடுத்திருந்தார். பழைய ஃபைபர் கிளாஸ். துவண்டு துவண்டு போனது. கேலிக்குரிய பொருள் போலிருந்தது. ஆனால் ஈ போய் விழ வேண்டிய இடத்தில் விழுந்தது.

காரணம் பின்னர் விளங்கிற்று. நம் ஊர்த் தூண்டிலில் ஈயக்குண்டின் கனம் நரம்பை இழுத்துச் செல்லும். இங்கே முள்ளில் இறகும் நூலும் சுற்றிய பொய் ஈக்குக் கனமே இல்லை. கனம் கயிற்றில் இருக்கிறது. வீசும்போது அது கோலை வளைக்கிறது, கோல் நிமிரும்போது கயிறு ஈயைக் கொண்டு செல்கிறது. கோலின் எண் என்பது எந்தக் கயிற்றுக்கு அது பொருந்தும் என்பதைச் சொல்வது. கயிற்றின் முதல் முப்பதடி எடையை வைத்து எண் தருகிறார்கள்: மூன்றாம் எண்ணுக்கு 100 கிரெயின், ஏறத்தாழ ஆறரை கிராம், ஐந்துக்கு 140. ஆனால் சிற்றோடையில் முப்பதடி எங்கே வீசுவது? பதினைந்தடியே தாராளம். அதிலும் ஏழடி, ஈயைக் கட்டிய மெல்லிய நரம்பு. கோல் நுனிக்கு வெளியே எட்டடிக் கயிறுகூட இல்லாதபோது அந்த விறைத்த கிராஃபைட் எதை உணர்ந்து வளையும்? அதன் விலை தூரத்துக்கான விலை. எங்களுக்குத் தூரம் தேவைப்படவில்லை.

வளைவில் மூங்கிலுக்கு நிகரில்லை என்பார்கள். 19ஆம் நூற்றாண்டின் நடுவில் இங்கு பட்டைகளாகப் பிளந்து ஒட்டிச் செய்த கோல்களுக்கு மூங்கில் கல்கத்தாவிலிருந்து கப்பலேறி வந்தது; பிறகு தென்சீனத்து டோங்கின் மூங்கில் அதை விரட்டியது. இன்று கைவினைஞர் செய்த மூங்கிற்கோலின் விலையைக் கேட்காமலிருப்பதே நலம். ஏழைக்கு அந்த வளைவைத் தருவது கண்ணாடியிழை. 1970களில் கிராஃபைட் வந்ததும் பழசு என்று ஒதுக்கப்பட்டதால் மலிவாகவும் கிடைத்தது.

எனவே பங்கீடு இப்படி அமைந்தது. கோல் முப்பத்தைந்து டாலர்: ஏழடிக்குச் சற்றுக் குறைவு, கண்ணைப் பறிக்கும் மஞ்சள். ரீல் இருபது, சாண் நீள மீனுக்கு அது கயிறு சுற்றும் கண்டு, அவ்வளவே. மீதி முப்பத்தைந்தும் கயிற்றுக்கு. கஞ்சத்தனம் கூடாதது அதில்தான். இருமுனையும் ஒரேபோல் மெலியும் வகையாக வாங்கினோம். ஒரு முனை தேய்ந்தால் திருப்பிக் கட்டிக்கொள்ளலாம். புதுப்புடவைத் தலைப்பைப் பத்திரப்படுத்தும் வீட்டில் வளர்ந்தவர்களுக்கு இந்த யோசனை உடனே பிடித்துப்போயிற்று.

மே மாதத்தில் முதல் மீன். கோலை வீசக்கூட இடமில்லாத ஒரு மடு. ஈயை விரலில் பிடித்துக் கோலை வில்லாக வளைத்து விட்டோம். விறைத்த கோலில் எளிதில் நடவாத வித்தை. வந்தது ஆறங்குல ப்ரூக் ட்ரவுட். முதுகில் புழு நெளிந்த கோலம், விலாவில் நீலவட்டத்துக்குள் செம்புள்ளி, துடுப்போரத்தில் சுண்ணாம்புக் கோடு. எங்களில் ஒருவர் உதகையில் பிறந்தவர். அவலாஞ்சியில் 1907இல் தொடங்கிய பொரிப்பகத்தின் வழிவந்த வானவில் ட்ரவுட்டைச் சிறுவயதில் பார்த்தவர். அது மேற்கு அமெரிக்காவைப் பூர்விகமாகக் கொண்ட இனம்; நீலகிரிக்குக் குடிவந்தது. இது இந்த ஓடையின் சொந்த மகள். ரேப்பிடனில் பிடித்ததை விட்டுவிட வேண்டுமென்பது விதி. விதி இல்லையென்றாலும் விட்டிருப்போம் என்று இருவரும் ஒரே நேரத்தில் சொன்னோம். பேச்சு நின்ற வாரத்துக்குப் பிறகு அப்படி ஒன்றாகச் சொன்னது அதுதான் முதல்முறை.

ஜூலையில் நீரின் வெப்பம் இருபது டிகிரியைத் தொட்ட சனிக்கிழமைகளில் கோலை உறையிலிருந்து எடுக்கவில்லை. அந்தச் சூட்டில் பிடித்து விட்டாலும் மீன் பிழைக்காமல் போகக்கூடும். பட்டுப்போன ஹெம்லாக் மரங்களுக்கிடையே தயிர்சாதம் சாப்பிட்டுவிட்டுத் திரும்பினோம்.

வேலை அக்டோபர் இறுதியில் கிடைத்தது. அது ப்ரூக் ட்ரவுட் சரளையில் முட்டையிடும் பருவம். ஓடைக்குள் கால் வைக்கலாகாது. மஞ்சள் கோல் மார்ச்வரை அலமாரியின் மேல் கிடந்தது.