மாமியார் பேருக்கு ஏலம்

ஏலத்தில் நமக்குப் பழக்கமானவை இரண்டு. ஒன்று, அடகு வைத்து மீட்காத நகையை பாங்க்காரர்கள் விடும் ஏலம். அதிகம் கேட்டவருக்கு நகை. இன்னொன்று ஏலச்சீட்டு. அதிகம் தள்ளிக் கேட்டவருக்குப் பணம். (சீட்டு நடத்துகிறவர் ராத்திரியோடு ராத்திரியாக ஊரைக் காலி செய்யாத வரையில்!)

இப்போது மூன்றாவதாக ஒரு ஏலம் நம் உள்ளங்கையிலேயே நடக்கிறது. சரக்கு, வெறும் வார்த்தை. நீங்கள் செல்போனில் 'தீபாவளி பட்சணம்' என்று தட்டித் தேடுகிறீர்கள். விரலை எடுப்பதற்குள், அந்த வார்த்தைக்கு விலை சொல்லியிருப்பவர்களுக்குள் ஏலம் நடந்து முடிந்து, ஜெயித்தவரின் விளம்பரம் பட்டியலின் தலைமாட்டில் வந்து உட்கார்ந்துவிடுகிறது. பக்கத்து வீட்டுக்காரர் அதையே தட்டினால் மறுபடியும் முதலிலிருந்து ஏலம்!

எனக்கு இந்த ஞானம் எதிர் ஃபிளாட் மாமியால் வந்தது.

ஆழ்வார்பேட்டையில் டி.டி.கே. சாலையை ஒட்டிய குறுக்குத் தெருவில் எங்கள் ஃபிளாட். ஐப்பசி பிறந்தால் மாடிப்படி முழுக்க மாமி வீட்டு எண்ணெய்ச் சட்டி வாசனைதான். மாமா காலமான பிறகு ஆரம்பித்த பட்சண வியாபாரம். கூடமாட ஒத்தாசைக்கு இரண்டு பெண்கள். தீபாவளி ஆர்டரை நம்பித்தான் மூன்று குடும்பங்களும். கடைக்குத் தன் மாமியார் பெயரையே வைத்திருந்தார் மாமி.

போன தீபாவளிக்கு முந்தின வாரம் நங்கநல்லூர் வாடிக்கைக்காரர் ஒருவர் போன் செய்தார். "என்ன மாமி, தேன்குழல் இப்படிச் சிக்கு அடிக்கறது?"

மாமிக்குத் தூக்கிவாரிப் போட்டது. "நீங்க இந்த வருஷம் ஆர்டரே குடுக்கலையே சார்!"

விசாரித்தால், அவர் மாமி கடைப் பெயரைத்தான் தட்டியிருக்கிறார். முதலில் வந்ததை அமுக்கி ஆர்டரும் கொடுத்துவிட்டார். அது வேறு யாரோ ஒரு பட்சணக்காரர். சிக்கு அவருடையது, கெட்ட பெயர் மாமிக்கு. அந்த வருஷம் எத்தனை ஆர்டர் இப்படித் திசைமாறிப் போயிற்றோ!

விளம்பர உத்தியோகம் பார்க்கும் என் அக்கா பையனைக் கூப்பிட்டுக் கேட்டேன்.

"சிம்பிள் மாமா. அந்த ஆள் மாமி கடைப் பேரையே கீ-வேர்டா வெச்சு ஏலம் கேட்டிருக்கார். மாமி ஏலத்துலயே இல்லை. அதனால காசு கொடுத்தவர் மேலே, மாமி கீழே."

"பணக்காரன்தான் ஜெயிப்பான்னு சொல்லு."

"அதான் இல்லை!" என்று உட்கார்ந்துகொண்டான். 1998-ல் அமெரிக்காவில் 'கோ டூ' என்ற கம்பெனி இந்த வியாபாரத்தை ஆரம்பித்தபோது அப்படித்தான் இருந்ததாம். அதிகம் கேட்டவர் மேலே, அடுத்தவர் கீழே, கொலுப்படி மாதிரி. கூகுள் 2002-ல் இதில் ஒரு திருப்பம் வைத்தது. கேட்ட விலையோடு, விளம்பரத்துக்கு மார்க்கும் போட்டது. ஜனங்கள் அதை க்ளிக் செய்வார்களா? பிற்பாடு இன்னும் சில கேள்விகள் சேர்ந்தன. தேடியதற்கும் அதற்கும் சம்பந்தம் உண்டா? க்ளிக் செய்து உள்ளே போனால் உருப்படியாக ஏதாவது இருக்கிறதா? விலையையும் மார்க்கையும் பெருக்கி வருகிற தொகைக்கு ஏற்பத்தான் இடம்.

கணக்கைக் காகிதத்தில் போட்டுக் காட்டினான். பெரிய கடை ஒன்று 'தீபாவளி பட்சணம்' என்ற வார்த்தைக்கு க்ளிக்குக்கு 40 ரூபாய் கேட்கிறது. மார்க் 3. பெருக்கினால் 120. மாமி கேட்பது 20 ரூபாய்தான். ஆனால் மார்க் 8. பெருக்கினால் 160. மேல்படி மாமிக்கு! அந்த 20 ரூபாயையும் முழுசாகக் கொடுக்க வேண்டாம். கீழே இருப்பவரின் 120-ஐத் தாண்ட எவ்வளவு வேண்டுமோ அவ்வளவு போதும். 120-ஐ எட்டால் வகுத்தால் 15. அதற்கு மேல் ஒரு துளி.

"நிஜத்துல தேடறவா எந்த ஊர், எந்த நேரம், எந்த போன்னு இன்னும் பல சமாசாரம் சேரும் மாமா. ஒரு குறைஞ்சபட்ச அளவும் உண்டு. அதைத் தாண்டலைன்னா, போட்டிக்கு ஆளே இல்லாட்டாலும் விளம்பரம் தலைகாட்டாது."

"அப்படின்னா முறுக்குக்கு ஏலம் கேட்டுட வேண்டியதுதானே?" என்றார் மாமி, உற்சாகமாக.

"வெறும் முறுக்குன்னு கேட்டா காசு கரைஞ்சுடும் மாமி. முறுக்கு அச்சு தேடறவா, முறுக்கு செய்வது எப்படின்னு பாக்கறவா, முறுக்கு மீசை வளக்கறவா எல்லாருக்கும் உங்க விளம்பரம் போகும். அவா க்ளிக் பண்ணினாலும் காசு உங்களோடது. நாளைக்கு 300 ரூபா ஒதுக்கினா, 15 ரூபா வீதம் 20 க்ளிக். 'அச்சு, மீசை, செய்முறை வேண்டாம்'னு முன்னாடியே எழுதிக் குடுத்துடணும்."

மாமி யோசித்தார். "அதெல்லாம் சரிப்பா. என் கடைப் பேருக்கு?"

"அது மலிவு. உங்க பேரைத் தேடறவா உங்களைத்தானே க்ளிக் பண்ணுவா? மார்க் உங்களுக்கு ரொம்ப ஜாஸ்தி, அந்த ஆளுக்குக் கம்மி. அஞ்சாறு ரூபாயிலே முடியலாம்."

"என் பேருக்கு நானே வாடகை குடுக்கணுமா?"

பையன் வாயடைத்துப் போனான். நானும்தான்.

மாமியின் இந்தக் கேள்வி நம்ம ஊர் ஹைகோர்ட் வரைக்கும் போயிருக்கிறது. பாரத் மேட்ரிமோனி, தமிழ் மேட்ரிமோனி தளங்களை நடத்திய சென்னைக் கம்பெனி கன்சிம் இன்ஃபோ, 2009-ல் கூகுள் மீதும் போட்டி வரன் தளங்கள் மீதும் வழக்குப் போட்டது. 'எங்கள் பெயரைத் தேடினால் அவர்கள் விளம்பரம் வருகிறதே' என்பதுதான் புகார். 2010 செப்டம்பர் 30-ல் நீதிபதி வி.ராமசுப்பிரமணியன் (பிற்பாடு சுப்ரீம் கோர்ட்டுக்குப் போனவர்) இடைக்காலத் தடை கொடுக்க மறுத்தார். தமிழ், மேட்ரிமோனி எல்லாம் விஷயத்தை விவரிக்கிற பொதுச் சொற்கள். அதே தொழிலில் இருக்கும் மற்றவர்களும் புழங்க வேண்டியவை என்பது முக்கிய காரணம்.

டெல்லி ஹைகோர்ட் 2023 ஆகஸ்ட் 10-ல் இன்னொரு படி போயிற்று. அகர்வால் பேக்கர்ஸ் அண்ட் மூவர்ஸ் என்ற பெயர் பற்றிய வழக்கு. ஒருவரின் டிரேட் மார்க்கைக் கீ-வேர்டாக வைப்பதும் அதைப் 'பயன்படுத்துவது'தான். கூகுள் வெறும் வேடிக்கை பார்ப்பவர் அல்ல என்றது கோர்ட். ஆனால் அதுவே குற்றமாகிவிடாது. ஜனங்களைக் குழப்பினால்தான் குற்றம்.

எனக்கு இதில் அரை திருப்திதான். போட்டி போடட்டும், தப்பில்லை. 'தீபாவளி பட்சணம்' யாருடைய பாட்டன் சொத்தும் இல்லை. அங்கே சின்னக் கடையும் மார்க் வாங்கிப் பெரிய கடையை முந்தலாம் என்பது நல்ல ஏற்பாடு. ஆனால் பெயரைச் சொல்லித் தேடி வருகிறவர், ஏற்கெனவே நம் வாசற்படி ஏறியவர். அவரை வழிமறிக்க இன்னொருவருக்கு அனுமதி கொடுத்துவிட்டு, வழிவிட நம்மிடமும் காசு வாங்குவது எந்த ஊர் நியாயம்?

நியாயம் வரும்வரை தீபாவளி காத்திருக்குமா? மாமி மூன்று காரியம் செய்தார். கடைப் பெயரை டிரேட் மார்க் பதிவுக்குக் கொடுத்தார். தீபாவளி மாசத்துக்கு மட்டும் தன் பெயருக்குத் தானே ஏலம் கேட்பது என்று முடிவு செய்தார். பட்சண டப்பா மூடியில் போன் நம்பரைக் கொட்டை எழுத்தில் அச்சடித்தார். மூன்றாவதுக்கு ஏலமும் கிடையாது, மார்க்கும் கிடையாது.

உங்களுக்கு ஒரு விண்ணப்பம். தேடும்போது முதலில் வருவதற்கு மேல் 'ஸ்பான்ஸர்டு' என்று ஒரு வார்த்தை இருக்கிறதா என்று பாருங்கள். இருந்தால், அது காசு கொடுத்துப் போட்ட நாற்காலி. நீங்கள் தேடி வந்தவர்தானா அதில் உட்கார்ந்திருப்பது என்று பார்த்துவிட்டு அமுக்குங்கள்.

பதிவு விண்ணப்பத்தில் கையெழுத்துப் போடும்போது மாமி சொன்னார்: "பொதுச் சொல்னு இதை யாரும் சொல்ல முடியாது சார். என் மாமியார் மாதிரி உலகத்துலயே ஒருத்தர்தான்!"