மூன்று நிமிஷம் சும்மா இருங்க!

தூத்துக்குடியில் ஆபீஸ் ஆடிட். முத்துநகர் எக்ஸ்பிரஸ்ஸில் விடிகாலை இறங்கி, நாள் முழுக்க அடுத்தவர் கணக்கில் தப்பு கண்டுபிடித்துவிட்டு, சாயங்காலம் கடற்கரைச் சாலைக்கு வந்து உட்கார்ந்தேன். என் கணக்கில் இருந்த தப்பு மட்டும் பிடிபடவில்லை.

விஷயம் இதுதான். கம்பெனியில் என்னை ரெண்டு வருஷத்துக்கு தோஹா போகச் சொல்கிறார்கள். சம்பளம் மும்மடங்கு. கோவில்பட்டியில் தனியாக இருக்கும் அப்பா, "யோசிச்சுச் செய்டா" என்றார். "நீங்க யோசிச்சு யோசிச்சுத்தான் கடைசி வரைக்கும் கிளார்க்காவே இருந்தீங்க" என்று சொல்லிவிட்டேன். நாக்கு இருக்கிறதே, அதற்கு பிரேக் வைக்க மறந்துவிட்டான் ஆண்டவன். மூன்று வாரமாகிறது. அவரும் கூப்பிடவில்லை, நானும் கூப்பிடவில்லை.

ரோச் பூங்கா பக்கம் ஒரு சிமெண்ட் பெஞ்ச். கடலைப் பார்த்துக் கன்னத்தில் கை வைத்துக்கொண்டு இருந்தபோதுதான் அந்தக் குரல் கேட்டது.

"தம்பி, கையை எடும். கப்பலே கவுந்தாலும் கன்னத்துல கை வைக்கக்கூடாதும்பாங்க."

திரும்பினேன். பக்கத்து பெஞ்சில் மூன்று பெரியவர்கள். எல்லாரும் எழுபதைத் தாண்டியவர்கள்.

"நாங்க நெசமாவே கப்பல்ல இருந்தவங்க. கப்பல் கவுந்தா எவன் கையும் கன்னத்துல இருக்காது. லைஃப் ஜாக்கெட்டுலதான் இருக்கும்!"

மூவரும் சிரித்த சிரிப்பில் காகங்கள் பறந்தன.

சரக்குக் கப்பல்களில் காலம் கழித்துவிட்டு ஓய்வு பெற்ற மாலுமிகள். பேரைக் கேட்டேன். "பேரு எதுக்கு? கப்பல்ல பதவிதான் பேரு" என்றார்கள். என்னிடம் பேசியவர் போசன், அதாவது மேல்தளத்து ஆட்களுக்கு மேஸ்திரி. குண்டாக இருந்தவர் சீஃப் குக். மூன்றாமவர் ஒல்லி, கண்ணாடி, கையில் பழைய கடிகாரம். அவர் ரேடியோ ஆபீசர். கப்பல் பாஷையில் 'ஸ்பார்க்ஸ்'.

தினமும் அஞ்சு மணிக்கு இங்கே கூடுவார்களாம். வேலை? வார்த்தையைப் பிடித்து வறுத்து எடுப்பது!

"ஏன் அண்ணாச்சி, கப்பல் வேலைக்குச் சேர என்னென்ன வேணும்?" என்று ஆரம்பித்தேன்.

"சி.டி.சி. புக்கு வேணும், மெடிக்கல் வேணும், ட்ரெய்னிங் வேணும்" என்று விரல் விட்டார் போசன். "ஒண்ணும் இல்லாம கப்பலேறுறது மானம் ஒண்ணுதான்!"

குக் விடவில்லை. "நான் முப்பத்தோரு வருஷம் தண்ணியிலயே இருந்தேன் தம்பி. ஊரு பூரா அப்படித்தான் சொல்லும். ஆனா ஒரு நாள்கூட தண்ணி போட்டதில்ல!"

"கப்பல்ல இருக்கும்போது கரை எப்போ தெரியும்னு பார்த்துக்கிட்டே இருப்போம். இப்போ வீட்டுக்காரி என் சட்டையில கறை எங்கே தெரியுதுன்னு பார்த்துக்கிட்டே இருக்கா. எழுதினாத்தான்வே வித்தியாசம், வாழ்ந்தா ஒண்ணுதான்!"

ஸ்பார்க்ஸ் தன் முகத்தைத் தொட்டுக் காட்டினார். "கடல்ல திரை பார்த்தோம். கரைக்கு வந்து சினிமாத் திரை பார்த்தோம். இப்போ கண்ணாடியைப் பார்த்தா இங்கன திரை." கன்னத்துச் சுருக்கங்கள் சிரித்தன.

சிரிப்புக்கு நடுவே சரித்திரமும் வந்தது. போசன் கப்பலேறியது 1968-ல். அப்போது சூயஸ் கால்வாய் மூடிக் கிடந்தது. 1967 போரில் மூடியது, 1975-ல்தான் திறந்தது. "ஐரோப்பா போகணும்னா ஆப்பிரிக்காவையே சுத்தணும். நன்னம்பிக்கை முனைன்னு பேரு வச்சிருக்கான். அங்கன அடிக்கிற அலையைப் பார்த்தா இருக்கிற நம்பிக்கையும் போயிரும்! 2023 கடைசியில செங்கடல்ல குண்டு போட ஆரம்பிச்சதும், மறுபடி எத்தனையோ கப்பல் அந்தப் பாதைக்கே திரும்பிட்டு. சுத்துறது கப்பல் மட்டுமில்லடே, காலமும்தான்."

கப்பல் இந்த ஊருக்குப் புதிதா என்ன? 1906-ல் வ.உ.சி. சுதேசிக் கப்பல் கம்பெனி தொடங்கி, இங்கிருந்து கொழும்புக்குக் கப்பல் விட்ட ஊர் ஆயிற்றே! 1974-ல் பெரிய துறைமுகமான புதுத் துறைமுகத்துக்கு 2011-ல் அவர் பெயரையே வைத்தார்கள்.

"கரைக்கு வந்த பிறகு வாழ்க்கை எப்படி?" என்று கேட்டேன். கேட்டிருக்க வேண்டாமோ என்று தோன்றியது. கொஞ்சம் அமைதி.

"தூக்கம் வராது தம்பி" என்றார் போசன். "கப்பல்ல கட்டிலுக்கு அடியில இன்ஜின் அதிரும். வீட்டுல அந்த அதிர்வு இல்ல. இன்ஜின் நின்னா கப்பல்ல ஏதோ கோளாறுன்னு அர்த்தம். அதனால ராத்திரி திடுக்குனு முழிச்சு உக்காந்துருவேன். ஆறு மாசம் பழைய டேபிள் ஃபேனைக் கட்டில்மேல வச்சு ஓட விட்டுத்தான் தூங்கினேன்."

குக்குக்கு வேறு பிரச்னை. "முப்பத்தஞ்சு பேருக்குச் சமைச்ச கை. பெஞ்சாதியும் நானுமா ரெண்டே பேருக்கு உப்பு அளவு பிடிபடல. உப்பளத்து ஊர்ல பொறந்தவனுக்கு இந்தக் கேவலம்!"

அப்புறம் குரல் இறங்கியது. "லீவுல வந்தா என் மகன், ‘அப்பா எப்போ ஊருக்குப் போவாங்க?’ன்னு அவங்க அம்மாகிட்ட கேப்பான். அவனுக்கு இது என் ஊர் இல்ல. நான் விருந்தாளி."

"ரெண்டு பொம்பளப் பிள்ளையைக் கரை சேர்த்தீரேவே!" என்று அவர் முதுகைத் தட்டினார் போசன். "நீரு கடல்ல கிடந்தீரு, அதுக கரை சேர்ந்துச்சு."

நம்மைப் போல மாசம் பொறந்தால் பென்ஷன் என்ற கதை இவர்களில் பலருக்குக் கிடையாது. ஒப்பந்தம் போட்டுக் கப்பலேறுவார்கள், முடிந்ததும் இறங்குவார்கள். மறுபடி கூப்பிட்டால்தான் சம்பளம். 1966-ல் சட்டம் போட்டு வந்த மாலுமிகள் சேமநல நிதிதான் பலருக்குக் கடைசித் துணை. இறங்குவதுகூட நம் கையில் இல்லை. 2020-ல் கொரோனா வந்தபோது, ஒப்பந்தம் முடிந்தும் இறங்க முடியாமல் உலகம் முழுக்கச் சுமார் 4 லட்சம் பேர் கப்பலிலேயே மாட்டிக்கொண்டார்கள்.

குக் மறுபடி ஒரு ஜோக்கை எடுத்தார். "ஒரு கேப்டன் என்கிட்ட வந்து, சாம்பார்ல..."

சட்டென்று நிறுத்திவிட்டார். ஸ்பார்க்ஸ் கையை உயர்த்தியிருந்தார், பார்வை கடிகாரத்தில். மணி 5.45.

மூவரும் பேசவில்லை. அசையவில்லை. எனக்கு ஒன்றும் புரியவில்லை. பழைய துறைமுகத்துப் பக்கம் ஒரு தோணியின் பாய்மரம் லேசாக ஆடிக்கொண்டிருந்தது. சுண்டல் பையன்கூட இவர்கள் பழக்கம் தெரிந்தவன் போலச் சத்தம் போடாமல் தாண்டிப் போனான். 5.48-க்கு ஸ்பார்க்ஸ் கையை இறக்கினார். "...உப்பு இல்லைன்னான்" என்று விட்ட இடத்திலிருந்து தொடர்ந்தார் குக்.

"என்ன அண்ணாச்சி இது?"

ஸ்பார்க்ஸ் விளக்கினார். அந்தக் காலத்தில் கப்பலுக்குக் கப்பல் பேச்சு மோர்ஸ் தந்திதான். கட்டு கடகட என்று புள்ளியும் கோடும். 500 கிலோஹெர்ட்ஸ் அலைவரிசையில் எப்போதும் சந்தை இரைச்சல். ஆகவே ஒரு விதி. ஒவ்வொரு மணியிலும் 15-லிருந்து 18-வது நிமிஷம் வரை, 45-லிருந்து 48 வரை யாரும் தந்தி அடிக்கக்கூடாது, காது கொடுத்துக் கேட்க வேண்டும். மூழ்குகிற கப்பலின் ஈனஸ்வரம் அந்த அமைதியில்தான் காதில் விழும். ரேடியோ அறைக் கடிகாரத்தில் அந்த மூன்று மூன்று நிமிஷத்துக்கும் சிவப்புப் பட்டை போட்டிருக்கும்.

"1999 பிப்ரவரியோட மோர்ஸ் போச்சு, சாட்டிலைட் வந்துட்டு. என் வேலையும் போச்சு. உங்க ஆபீஸ்ல இப்போ கம்ப்யூட்டர் வேலையைப் பிடுங்கிரும்னு பயப்படுதீங்கல்லா? எங்களுக்கு அது நாப்பத்தொம்பது வயசுலயே நடந்துட்டு. ஆனா இந்தப் பழக்கம் மட்டும் விட்டுப் போகல. இவனுகளுக்கும் தொத்திக்கிட்டு."

பிறகு என்னைப் பார்க்காமல், கடலைப் பார்த்துச் சொன்னார்.

"1981. அரபிக்கடல். ராத்திரி. பம்பாய் ரேடியோ எங்க கப்பலைக் கூப்பிட்டு, ரெண்டு தந்தி இருக்குன்னான். எழுத ஆரம்பிச்சேன். முதல் தந்தி யாருக்குன்னு பார்த்தா என் பேரு. எழுத்து எழுத்தா வருது தம்பி. எஃப்... ஏ... டி... ‘ஃபாதர் எக்ஸ்பயர்டு’. முழுசா எழுதி முடிச்சிட்டு, ‘கிடைத்தது’ன்னு பதில் அடிச்சேன். கை நடுங்கல. நடுங்கினா அடுத்த தந்தி தப்பாயிரும். ரெண்டாவது தந்தி ஒரு ஃபிட்டருக்கு. ஆண் குழந்தை, தாயும் சேயும் நலம். முதல்ல போய் அவனை எழுப்பிச் சொன்னேன். கட்டிப் பிடிச்சுக் குதிச்சான். நானும் சிரிச்சேன். திரும்ப வந்து உக்காந்தா, முள்ளு சிவப்புப் பட்டையில நிக்கி. அந்த மூணு நிமிஷம் காதுல ஹெட்போனை வச்சுக்கிட்டே அழுதேன். அழுகைச் சத்தம் அலைவரிசையில கேக்காது பாரும்."

யாரும் சிலேடை சொல்லவில்லை.

"கடைசியா லீவுல வந்தப்போ, அப்பா ஏதோ சொல்ல வந்தாரு. ‘அடுத்த தடவை பேசிக்கலாம்பா, ரயிலுக்கு நேரமாச்சு’ன்னுட்டு வந்துட்டேன். உலகத்துல எந்தக் கப்பல் கூப்பிட்டாலும் கேட்ட காது..."

முடிக்கவில்லை.

தோஹா விஷயத்தைச் சொல்லி, போகலாமா வேண்டாமா என்று கேட்டேன்.

"போறது தப்பில்ல" என்றார் ஸ்பார்க்ஸ். "நாங்க எல்லாம் போனவங்கதானே. அந்தக் காசுலதான் வீட்டுல உலை கொதிச்சுது. ஆனா எவ்வளவு தூரம் போனாலும், அந்தப் பக்கம் கூப்பிடுறது காதுல விழணும். எங்களுக்கு ஒரு ரூம் நிறைய மெஷின் வேண்டியிருந்தது. உமக்குச் சட்டைப்பையிலயே இருக்கு."

போசன் எழுந்தார். "சரிவே, சைன் ஆஃப் பண்ணுவோம். லேட்டானா வீட்டுக் கேப்டன் லாக் புக்குல எழுதிருவா!"

மூவரும் போய்விட்டார்கள். போனை எடுத்து அப்பாவுக்கு அடித்தேன். ரெண்டாவது மணியிலேயே எடுத்துவிட்டார். பக்கத்திலேயே வைத்துக்கொண்டு இருந்திருப்பார் போல.

"அப்பா..." என்றேன். அதற்கு மேல் வரவில்லை. அவரும் பேசவில்லை. மூன்று நிமிஷம் இருக்காது. ஆனால் எனக்கு எல்லாம் கேட்டது.

கடைசியில் தொண்டையைச் செருமிக்கொண்டு, "எங்கடா இருக்க?" என்றார்.

"தூத்துக்குடியிலப்பா. காலையில பஸ்ஸைப் பிடிச்சு வீட்டுக்கு வர்றேன்."

"அப்போ மக்ரூன் வாங்கிட்டு வா."

"உங்களுக்கு சுகர் இருக்கேப்பா?"

"அதான் அரைக்கிலோ போதும்ங்கறேன்!"